தவணை குறித்து வந்த உறவுகள்

'பரோல்' என்ற சொல் தமிழ்ச் செவிக்குச் சிறைக் கதவையே நினைவூட்டும். தாயின் மரணத்துக்கோ மகளின் திருமணத்துக்கோ சில நாள் வெளியே வந்து, குறித்த நாளில் திரும்பிச் செல்லும் கைதியின் விடுப்பைத்தான் நாம் அப்பெயரால் அறிந்திருக்கிறோம். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'வாக்கு' என்று பொருள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அதே சொல் வேறொரு பணியைச் செய்கிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டம், இன்று நடப்பிலுள்ள அதன் வடிவில், முறையான விசா இல்லாத அயல்நாட்டவரை அவசரமான மனிதாபிமானக் காரணத்துக்காகவோ பெரும் பொதுநன்மைக்காகவோ தற்காலிகமாக உள்ளே விடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. அவ்வாறு வந்தவர் அந்நாட்டின் சாலையில் நடக்கலாம்; வேலை அனுமதி பெற்று உழைக்கலாம்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் இன்னும் வாசற்படியிலேதான் நின்றுகொண்டிருக்கிறார். அனுமதித் தாளில் எழுதிய தேதி கழிந்தால் அந்த வாசற்படியும் அவருக்குச் சொந்தமில்லை.

இதை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. உறவின் வழியாகக் கற்றோம்.

நம் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி காபூலில் பிறந்தவர். 1979இல் சோவியத் படைகள் புகுந்தபின் ஊரைவிட்டு வெளியேறி, பெஷாவரில் சில ஆண்டுகள் தங்கி, பின்னர் கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரில் வேர்விட்டவர். ஆப்கானியர் செறிந்து வாழ்வதால் அந்நகரின் ஒரு பகுதியைச் 'சின்னக் காபூல்' என்றே அழைப்பதுண்டு. கீழக்கரையிலிருந்து போய் அதே நகரில் முப்பது ஆண்டுகளாக வாழும் நமக்கும் அவருக்கும் பள்ளிவாசலில் தொடங்கிய பழக்கம், காலப்போக்கில் சம்பந்தமாகக் கனிந்தது. 2021 ஆகஸ்டு 15ஆம் நாள் காபூல் தாலிபான்களின் வசமானதை அடுத்து, அவருடைய தாயார், தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள், சிறுவர்களான இரு மகன்கள், தம்பி மனைவியின் உடன்பிறந்த இளைஞர் ஆகிய எழுவர் விமானமேறினர். விஸ்கான்சின் மாநிலத்து ஃபோர்ட் மெக்காய் இராணுவத் தளத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு அவ்வாண்டு டிசம்பரில் ஃபிரீமாண்ட் வந்து சேர்ந்தனர். எழுவர்க்கும் ஒரே வகை அனுமதி: இரண்டாண்டுப் பரோல்.

வந்தவர்க்குச் சோறிடுவதை நம் சமுதாயத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் கம்பளி வந்தது; பாத்திர பண்டங்கள் வந்தன; சிறுவர்களுக்குப் பள்ளியில் இடமும் கிடைத்தது. நம் வீட்டார் நெய்ச்சோறு சமைத்து அனுப்ப, அங்கிருந்து காபூலிப் புலவு திரும்பி வந்தது. இத்தனைக்கும் பிறகு எஞ்சி நின்றது ஒரு தேதி. அதைப் பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. துயரப்பட்டு வந்தவரிடம் "உங்கள் தவணை எப்போது முடிகிறது?" என்று கேட்பது மரியாதைக் குறைவென்று பெரியவர்கள் எண்ணினர். "இத்தனை ஆயிரம் பேரை அழைத்துவந்துவிட்டு அரசு திருப்பியா அனுப்பும்? ஒன்றும் ஆகாது" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டனர்.

அந்த ஆறுதலுக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லாமலில்லை. 1956இல் ஹங்கேரிப் புரட்சி நசுக்கப்பட்டபின் 30,000க்கு மேற்பட்ட ஹங்கேரியர் பரோலில் அமெரிக்கா சேர்ந்தனர். அவர்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கு 1958இல் தனிச் சட்டம் பிறந்தது. கியூபர்களுக்கு 1966இலும், சைகோன் வீழ்ந்தபின் வந்த இந்தோசீன மக்களுக்கு 1977இலும் அத்தகைய சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆப்கானியர்க்கும் அதுபோன்ற மசோதா ஒன்று 2022 ஆகஸ்டில் காங்கிரசில் கொண்டுவரப்பட்டது, 2023இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. 70,000க்கு மேற்பட்டோர் அதை எதிர்பார்த்திருந்தனர்.

புகலிட வழக்குகளை இலவசமாக நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்றின் பெண் வழக்கறிஞர், முதற்சந்திப்பிலேயே எழுவரையும் உட்காரவைத்துச் சொன்னதை இங்கே குறிக்க வேண்டும்: "வரப்போகும் சட்டத்துக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள். விண்ணப்பத்தை மட்டும் இருக்கிற சட்டத்தின்கீழ் போடுங்கள்." அதற்குமேல் இன்னொன்றும் சொன்னார். எழுவரும் ஒரே வாசலால் உள்ளே வந்திருக்கலாம். ஆனால் எழுவர்க்கும் ஒரே வழி இராது. ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றார்.

நம் வீட்டு உணவு மேசையே அலுவலகமாயிற்று. சம்பந்திக்குக் கண்பார்வை மங்கிவந்ததால் தாள்களைப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஆளுக்கொரு கோப்பு, மேலட்டையில் ஐ-94 என்னும் வருகைப் பதிவில் கண்ட தவணைத் தேதி. முதல் சிக்கல் பிறந்தநாளில் எழுந்தது. ஆப்கானிஸ்தானின் அடையாளச் சான்றாகிய தஸ்கிராவில், சூரிய ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில், 'இன்ன ஆண்டில் இத்தனை வயது' என்று மட்டும் எழுதியிருப்பதுண்டு. அதனால் அமெரிக்கப் பதிவேடுகளில் ஏராளமான ஆப்கானியர் ஜனவரி முதல் நாளில் பிறந்தவராகவே காணப்படுகின்றனர். அடுத்து, பெயர். ஒற்றைப் பெயருடைய தாயாரின் பதிவில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளே பெயராய் அமர்ந்திருந்தன. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு ஒற்றைப் பெயரோடு வாழும் நம்மவர் பலர் கடவுச்சீட்டு அலுவலகங்களில் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு தாளில் உள்ள எழுத்து இன்னொரு தாளில் மாறினால், மாறியதற்கு விளக்கமும் சான்றும் வேண்டும். ஒவ்வொரு பாரசீக எழுத்துச் சான்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் இணைய வேண்டும். இப்பணியிலேயே அந்தக் குளிர்காலம் கழிந்தது.

பிறகு உறவுமுறையைப் பற்றிய பாடம் தொடங்கியது. தாரி மொழியில் தகப்பனின் உடன்பிறந்தார் 'காக்கா'. நம்மூரில் காக்கா என்றால் மூத்த சகோதரர். அவர்களுக்கும் நமக்கும் தாயின் உடன்பிறந்தார் 'மாமா'தான். இதைச் சொல்லிச் சொல்லி இரு குடும்பத்தாரும் சிரித்ததுண்டு. சாச்சா, மாமா, மாமி, பெரியம்மா என்று ஒவ்வோர் உறவுக்கும் ஒரு சொல்லும், அச்சொல்லுக்கேற்ற கடமையும் வைத்திருக்கும் மக்கள் நாம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் குடும்ப மரத்தில் இக்கிளைகள் இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தம் கணவன் அல்லது மனைவிக்காகவும், பெற்றோர்க்காகவும், பிள்ளைகளுக்காகவும், உடன்பிறந்தார்க்காகவும் மனுச் செய்யலாம். அண்ணன் மகளுக்கோ தம்பி மைத்துனனுக்கோ செய்ய வழியில்லை. உடன்பிறந்தார்க்கு வழி இருந்தாலும், ஆண்டுக்கு 65,000 விசாக்கள் என்ற வரம்பினால் அவ்வரிசை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நீண்டுகிடக்கிறது. "என் தம்பி மகள் எனக்கு யாருமில்லையா?" என்று சம்பந்தி கேட்டபோது, வழக்கறிஞர், "உங்களுக்கு உண்டு, சட்டத்துக்கு இல்லை" என்று மெல்லச் சொன்னார்.

எழுவரில் மிக எளிதான வழி கிடைத்தது மூதாட்டிக்கு. நம் வீட்டார் அவரைப் 'பீபி ஜான்' என்று அவர்கள் முறைப்படியே அழைப்பர். இருபத்தொரு வயது நிறைந்த குடியுரிமையாளரின் பெற்றோர் 'நெருங்கிய உறவினர்' என்ற வகையைச் சேர்ந்தவர். அவ்வகைக்கு ஆண்டு வரம்பும் இல்லை, வரிசையும் இல்லை. பரோலில் முறைப்படி உள்ளே வந்தவராதலால், நாட்டைவிட்டு வெளியேறாமலேயே நிரந்தர வசிப்புரிமை கோரவும் அவருக்குச் சட்டம் இடந்தந்தது. மகன் ஐ-130 படிவமும், தாய் தம் விண்ணப்பமும் ஒன்றாகவே அனுப்பினர். ஆயினும் மகன் ஓய்வுபெற்றவர்; பராமரிப்பு உறுதிப் பத்திரத்துக்கு, வறுமைக் கோட்டுக்கு மேல் நூற்றுக்கு 25 விழுக்காடு அதிகமான வருமானம் காட்ட வேண்டும். குறைவுபட்டதை நிறைக்க நம் மகன் துணைப் பொறுப்பாளராகக் கையொப்பமிட்டான். அது சடங்குக் கையொப்பமன்று. அம்மூதாட்டி குடியுரிமை பெறும்வரை, அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாக நீங்கும்வரை, அல்லது இறக்கும்வரை அவன் பொறுப்பு நீடிக்கும். அதை நம் வீட்டில் மூன்று நாள் பேசி, எல்லோரும் அறிந்தே ஒப்பினோம். 2023இல் பீபி ஜானுக்குக் கிரீன் கார்டு வந்தது.

தம்பிக்கு வேறு வழி. அவர் அமெரிக்கப் படையினர்க்கு மொழிபெயர்ப்பாளராகப் பதினான்கு மாதங்கள் பணிபுரிந்தவர். அத்தகையோர்க்கென 2009இல் ஏற்பட்ட சிறப்புக் குடியேற்ற விசாத் திட்டம், நெடுங்காலம் இரண்டாண்டுப் பணியைக் கேட்டது. ஆகவே அவர் காபூலில் இருந்தபோது அதை நாடவேயில்லை. 2021 ஜூலை இறுதியில் வந்த சட்டம் அதை ஓராண்டாகக் குறைத்தது. காபூல் வீழ்வதற்கு இரு வாரங்களுக்கு முன் நிகழ்ந்த அம்மாற்றத்தை அவர் அறிந்திருக்கவில்லை. கோப்பைப் படித்த வழக்கறிஞர் கண்டுபிடித்துச் சொன்னார். அவரை வேலைக்கமர்த்திய ஒப்பந்த நிறுவனம் கலைந்துபோயிருந்தது. பழைய மேலாளர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பரிந்துரைக் கடிதம் பெற எட்டு மாதங்கள் சென்றன. 2024இல் அவரும் மனைவியும் சிறுவர் இருவரும் நிரந்தர வசிப்புரிமை பெற்றனர்.

மகள் அந்தப் படகில் ஏற முடியவில்லை. அவ்விசாவின்கீழ் பெற்றோரோடு சேர்ந்து பயன்பெறும் பிள்ளை, திருமணமாகாதவராகவும் இருபத்தொரு வயதுக்குட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். அவள் வயது அவ்வரம்பைக் கடந்திருந்தது. ஒரே கூரையின்கீழ் உறங்கும் குடும்பத்தில் நால்வர் உள்ளே, ஒருத்தி வாசலில். அவள் தனித்துப் புகலிடம் கோரினாள். நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. பரோல் நடப்பிலிருந்தால் அதற்கு விலக்குக் கோரலாம். எனினும் விலக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்ற அறிவுரைப்படி 2022 ஆகஸ்டிலேயே விண்ணப்பம் சென்றது. தாலிபான் ஆட்சி 2021இல் பெண்களின் உயர்நிலைப் பள்ளிகளையும், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களையும் மூடிவிட்டது. படித்த பெண் என்பதே அவளுக்கு அங்கே ஆபத்து. ஆப்கானியரின் இத்தகைய விண்ணப்பங்களை 150 நாட்களுக்குள் முடிக்க வேண்டுமென்று காங்கிரஸ் 2021இல் விதித்தது. பலருக்கு அந்நாட்கள் கடந்தும் முடிவு வரவில்லை. அவளும் 2023இல் நேர்காணல் கண்டு, காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்தாள்.

இதற்கிடையில் தகப்பனார் தமக்கு வசிப்புரிமை கிடைத்ததும் அவளுக்காக மற்றொரு மனுவைப் போட்டார். அவ்வரிசையும் பல்லாண்டு நீள்வது. அதில் ஒரு முள் உண்டு: தகப்பன் குடியுரிமை பெறுவதற்குமுன் மகளுக்குத் திருமணமானால் அம்மனு அற்றுப்போகும். இருபத்தைந்து வயது நிறைந்த பெண்ணுக்கு நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்துகொண்டிருந்தபோது, இதைத் தாயிடம் யார் சொல்வது? நம் வீட்டார் சென்று சொன்னார்; மறைக்காமல் இரு பக்கத்தையும் சொன்னார். திருமணத்தால் புகலிட விண்ணப்பத்துக்குக் குறைவில்லை. தகப்பனின் மனு மட்டும் போகும். முடிவை அந்தப் பெண்ணே எடுத்தாள். "இரண்டு கயிறும் கையில் இருக்கட்டும், மாமி. நிக்காஹ் காத்திருக்கலாம்" என்றாள். அந்தத் தாயின் முகத்தில் அன்று கண்ட வாட்டத்தை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

இனி அந்த இளைஞர். தம்பியின் மைத்துனராகிய அவர் ஃபிரீமாண்டில் எவருக்கும் சட்டப்படி உறவினரல்லர். காபூல் வீழ்ந்த வாரத்தில் அவர் மனைவி பிரசவத்துக்காக ஜலாலாபாத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அவர் விமானத்தில் இருந்தபோது அங்கே ஒரு பெண்குழந்தை பிறந்தது. இவரைத்தான் தரகர் ஒருவர் அணுகினார். வழக்கறிஞர் அல்லர், 'ஆலோசகர்' என்று பலகை மாட்டியவர். மனைவி இருப்பதைச் சொல்லாதே, மணமாகாதவன் என்று எழுது. குடியுரிமையுள்ள ஒரு பெண்ணோடு காகிதத் திருமணம் ஒன்றை நான் முடித்துவைக்கிறேன். ஓரிரு ஆண்டில் கார்டு வந்ததும் பிரிந்துவிடலாம் என்று விலை பேசினார். உறவினர் சிலரும், "உயிர் போகிற நேரத்தில் காகிதத்துக்கு என்ன கற்பு?" என்றனர்.

நம் சமூகத்தில் நிக்காஹ் என்பது சாட்சிகளின் முன் இரு தரப்பும் ஒப்பும் உடன்படிக்கை. அதைப் பொய்யாகச் செய்வது எப்படிப்பட்ட காரியம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டமும் இதில் இரக்கமற்றது. குடியேற்றத்துக்காகப் பொய்த் திருமணம் செய்தவர் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பின்னர் உண்மையான மனைவியோ பிள்ளையோ மனுச் செய்தாலும் ஏற்கப்படாது. ஆயினும் அன்றைய இரவில் அவரை அசைத்தது இவ்விரண்டும் அல்ல. வழக்கறிஞர் புகலிடப் படிவத்தைத் திறந்து, மனைவி பிள்ளைகளின் பெயரெழுதும் இடத்தைக் காட்டினார். புகலிடம் கிடைத்தவர், கிடைத்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனைவியையும் பிள்ளையையும் அழைக்க மனுச் செய்யலாம். "இன்று இங்கே மனைவி இல்லை என்று எழுதினால், நாளை எந்தப் பெண்ணை அழைப்பீர்கள்?" என்று கேட்டார். இளைஞர் பேனாவை வாங்கி இரு பெயர்களையும் தாமே எழுதினார். காபூலில் பெண்கள் பள்ளி ஒன்றின் எழுத்தராக இருந்தவர் அவர். அதையும், அதனால் வந்த மிரட்டல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். 2023இல் புகலிடம் கிடைத்தது; அடுத்த மாதமே மனைவிக்கும் மகளுக்கும் மனுச் சென்றது.

எல்லாம் நன்றாய் முடிந்தது என்று எழுத ஆசைதான். பரோல் முடியும் ஆபத்துக்கு எதிராகக் குடும்பத்தார்க்குக் குடையாயிருந்த 'தற்காலிகப் பாதுகாப்பு நிலை' ஆப்கானியர்க்கு 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்து, 2025 ஜூலையில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம், அதுவரை கட்டணமின்றி இருந்த புகலிட விண்ணப்பத்துக்கும் கட்டணம் விதித்தது. அதற்கு முந்திய மாதம் ஆப்கானியரின் நுழைவைத் தடுக்கும் பிரகடனம் வந்தது. 2025 நவம்பர் 26இல் வாஷிங்டனில் தேசியக் காவற்படையினர் இருவர் சுடப்பட்டு, அக்குற்றம் ஓர் ஆப்கானியர்மீது சாட்டப்பட்டதும், ஆப்கானியர் தொடர்பான குடியேற்ற விண்ணப்பங்கள் யாவற்றின் பரிசீலனையும் நிறுத்திவைக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. சுடப்பட்டவருள் ஒரு பெண் மறுநாள் உயிர்நீத்தார். அவருக்காக ஃபிரீமாண்டில் நம்மோடு கையேந்தியவர்களில் அந்த இளைஞரும் ஒருவர். அவருடைய மனைவி மகளின் மனுவும், தம்பி மகளின் விண்ணப்பமும் அந்நிறுத்தத்தில் அகப்பட்டன.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். 'ஒன்றும் ஆகாது' என்ற ஆறுதலில் காலத்தைப் போக்கியவர்களிடம் இன்று முடிந்துபோன ஒரு பரோல் தாள் மட்டுமே உள்ளது. நேரத்தில் உண்மையை எழுதி அனுப்பியவர்களிடம், தாமதமானாலும் மறுக்கமுடியாத ஒரு பதிவு உள்ளது. உறவினர்க்கு நாம் செய்யக்கூடிய உதவியின் எல்லையும் அதுதான். தீர்ப்பு நம் கையில் இல்லை. தேதியை அறிவது, பெயரைச் சரிபார்ப்பது, வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் புது முகவரியை அறிவிப்பது, தரகரை விலக்கி உரிமம் பெற்ற வழக்கறிஞரிடமோ அரசு அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதியிடமோ அழைத்துச் செல்வது, அனுப்பிய ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைப்பது ஆகியவை நம் கையில் உள்ளன. எந்த நாட்டிலாயினும் தவணை குறித்து உறவினர் உங்கள் வீடு வந்தால், முதல் விருந்து முடிந்ததும் கூச்சமின்றி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது அவமதிப்பாகாது. அவர் சொல்லத் தயங்கும் கவலையில் ஒரு பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்பதே அதன் பொருள்.

அந்தக் குழந்தை இன்னும் தகப்பனைத் தொலைபேசித் திரையில்தான் கண்டிருக்கிறாள். என்று வருவாள் என்று எவரும் சொல்வதற்கில்லை. அவளுடைய பெயரும் பிறந்தநாளும் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்தில் பிழையின்றி இருக்கின்றன. மாதத்துக்கொரு முறை அந்தக் கோப்பைத் திறந்து அதைச் சரிபார்ப்பது அவள் தகப்பனின் வழக்கம்.